ஹர்மன்ப்ரீத்தா, தியான் சந்தா? ஒப்பிடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வாழ்க்கை

ஒவ்வொரு ஆகஸ்ட் 29-ம் தேதியும் நம் டைம்லைனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். ஒல்லியான உடம்பு, கையில் ஹாக்கி மட்டை. மேலே ‘ஹாக்கி மந்திரவாதி’ என்று ஒரு வரி. கீழே கமென்ட்டில் ஒரு சண்டை. இன்றைய ஹர்மன்ப்ரீத் சிங் பெரிய ஆளா, அன்றைய தியான் சந்த் பெரிய ஆளா? அந்தக் காலத்தில் போட்டியே கிடையாது என்று ஒரு கூட்டம் சொல்லும். ஹிட்லரே கூப்பிட்டாராம் தெரியுமா என்று இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும்.

இரண்டு பக்கமும் பாதி சரி, பாதி தப்பு. அது ஏன் என்று புரிய, அந்த மனிதரின் வாழ்க்கையை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம்.

யார் இந்த தியான் சந்த்?

1905 ஆகஸ்ட் 29 அன்று அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில் பிறந்தவர். அப்பா சமேஷ்வர் சிங், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வேலை பார்த்தவர். ராணுவ வீடு என்றால் தெரியுமே, ஊர் ஊராக மாற்றல். அதனால் தியான் சிங்கின் படிப்பு ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆமாம், அப்போது அவர் பெயர் தியான் சிங்தான். கடைசியில் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது.

சின்ன வயதில் அவருக்கு ஹாக்கி மேல் பெரிய ஆசை எதுவும் இல்லை. பிடித்தது மல்யுத்தம். 16-17 வயதில், 1922-ல், அப்பா வழியில் அவரும் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். ஹாக்கி வந்தது அதற்குப் பிறகுதான். அங்கே பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் அவருக்கு ஆட்டத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்தார்.

பகலில் டியூட்டி. முடிந்த பிறகுதான் பயிற்சி. மைதானத்தில் மின்விளக்கு கிடையாது. நிலா வரும் வரை காத்திருந்து அந்த வெளிச்சத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாராம். அதைப் பார்த்த சக வீரர்கள், இந்தியில் நிலவைக் குறிக்கும் ‘சாந்த்’ என்ற சொல்லை அவர் பெயரோடு ஒட்டவைத்தார்கள். அதுதான் ‘சந்த்’ ஆகி நின்றுவிட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

1926-ல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்துக்குப் போனது. 21 ஆட்டங்கள். 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் சிப்பாய் தியான் சந்துக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது. பெரிய பதவி என்று சொல்ல முடியாது. ஆனால் ஹாக்கி தன் வாழ்க்கையை ஒரு படி மேலே தூக்கும் என்று அவருக்கு முதலில் புரிந்த இடம் அது.

வழியனுப்ப வந்தவர்கள் 3 பேர்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். இந்திய ஹாக்கி அணிக்கு முதல் ஒலிம்பிக்ஸ். கப்பல் செலவுக்கே பணம் தட்டுப்பாடு. பம்பாய் துறைமுகத்தில் இந்த அணியை வழியனுப்ப வந்தவர்கள் மொத்தம் 3 பேர்: ஹாக்கி கூட்டமைப்பின் தலைவர், துணைத் தலைவர், ஒரு பத்திரிகையாளர். அவ்வளவுதான்.

போய் என்ன செய்தார்கள்? ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0. இறுதிப் போட்டியில் சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை 3-0. மொத்தம் 29 கோல் அடித்து, ஒன்றுகூட வாங்காமல் தங்கம். அதில் 14 கோல் தியான் சந்த் மட்டையிலிருந்து வந்தவை. இறுதிப் போட்டி சமயத்தில் அணியில் பலருக்கு உடம்பு சரியில்லை. அவருக்கும்தான்.

அணி பம்பாய் திரும்பியபோது துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். ஜெயிக்கும் வரை கண்டுகொள்ளாமல் இருப்பது, ஜெயித்ததும் தோளில் தூக்குவது. இந்தப் பழக்கம் நமக்கு நேற்று வந்தது இல்லை.

அண்ணன் 8, தம்பி 10

1932 லாஸ் ஏஞ்சலிஸ். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம். ஹாக்கிக்கு வந்தவை 3 அணிகள் மட்டும்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இந்தியா ஜப்பானை 11-1 என்று வென்றது. அமெரிக்காவை வென்றது 24-1 என்ற கணக்கில். டைப்பிங் மிஸ்டேக் இல்லை, 24-தான்.

அந்த ஆட்டத்தில் தியான் சந்த் 8 கோல் அடித்தார். அதைவிட அதிகமாக 10 கோல் அடித்தவர் அவர் கூடப் பிறந்த தம்பி ரூப் சிங். அண்ணன் பெயர் உலகமெங்கும் தெரிகிறது. தம்பி பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பெர்லினில் ஒரு ஆகஸ்ட் 15

1936-ல் தியான் சந்த் கேப்டன். அதற்கு முந்தைய வருடமே நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தில் அணியை வழிநடத்தியிருந்தார். இந்தியா, இலங்கை ஆட்டங்களும் சேர்த்து அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்கள், 48 வெற்றி. இந்தியா அடித்த 584 கோல்களில் 201 கேப்டனுடையவை. அடிலெய்டில் டான் பிராட்மேன் அவரைச் சந்தித்தார். கிரிக்கெட்டில் ரன் வருவதுபோல இவருக்கு கோல் வருகிறதே என்று பிராட்மேனே வியந்தாராம்.

இவ்வளவு பலமான அணி பெர்லினில் போய் இறங்கியதும் என்ன ஆனது? பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-4 என்று தோற்றது. ‘மந்திரவாதி’ கதைகளில் இந்த ஸ்கோர் பெரும்பாலும் வராது. ஆனால் தியான் சந்த் எப்படிப்பட்ட கேப்டன் என்று புரிய, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நமக்கு என்ன குறை என்று உட்கார்ந்து பேசினார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் தேவை என்று முடிவானது. இந்தியாவில் இருந்த தாராவை உடனே அனுப்பச் சொல்லி தந்தி பறந்தது. அரையிறுதி நேரத்துக்கு அவர் விமானத்தில் வந்து சேர்ந்தார். பிரான்ஸ் 10-0 என்று வீழ்ந்தது.

ஆகஸ்ட் 14-ம் தேதி நடக்கவேண்டிய இறுதிப் போட்டி மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. 15-ம் தேதி ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில், பயிற்சி ஆட்டத் தோல்வி எல்லார் மனதிலும் இருந்தது. அப்போது உதவி மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து வைத்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். அதிகாரப்பூர்வமாக அவர்கள் பிரிட்டிஷ் இந்திய அணி. கேப்டன் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சம்பளம் வாங்கும் சிப்பாய். விஷயம் வெளியே தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் பாதி முடிவில் 1-0 மட்டும். இரண்டாவது பாதியில் 7 கோல். ஈரத் தரையில் பிடிமானம் கிடைக்க தியான் சந்த் ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினார் என்று சொல்வார்கள். இறுதி ஸ்கோர் 8-1. ஜெர்மனி அடித்த அந்த ஒரு கோல்தான் அந்த ஒலிம்பிக்ஸ் முழுக்க இந்தியா வாங்கிய ஒரே கோல். சரியாக 11 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 15-ல், அந்த மூவர்ணத்தை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அந்த 11 வருடம் இன்னொன்றையும் செய்தது. பெர்லினில் கேப்டனுக்குக் கைகொடுக்கப் பறந்து வந்த அதே தாரா, 1948 ஒலிம்பிக்ஸில் பாகிஸ்தான் அணியின் கேப்டன்.

அப்போ போட்டியே இல்லையா?

இப்போது கமென்ட் சண்டைக்கு வருவோம். மூன்று ஒலிம்பிக்ஸ், 12 ஆட்டங்கள், இந்தியா அடித்தது 102 கோல், வாங்கியது 3. இதை 2024 பாரிஸோடு வைத்துப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். பாரிஸில் இந்தியா 8 ஆட்டங்களில் அடித்தது 15 கோல், வாங்கியது 12. கிடைத்தது வெண்கலம்.

அப்படியென்றால் இன்றைய அணி பலவீனமா? இல்லை. எதிரில் நிற்பவர்கள் மாறிவிட்டார்கள். 1928-ல் 9 அணிகள். 1932-ல் 3. 1936-ல் 11. இந்த மூன்றிலும் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. பாகிஸ்தான் என்று தனி நாடும் கிடையாது, லாகூர் வீரர்களும் நம் அணியில்தான். ஆகவே அன்றைக்குப் போட்டி குறைவு என்பது உண்மை. பாரிஸில் வந்த 12 அணிகளும் தகுதி பெற்று வந்தவை. ஆஸ்திரேலியா, பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து என்று யாரிடமும் யாரும் தோற்கலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆட்டமே வேறு.

தரை: அன்று புல். மேடு பள்ளம், மழை பெய்தால் சகதி. பந்து எப்படி எகிறும் என்று சொல்ல முடியாது. 1976 மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக்ஸ் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. அந்த முறை இந்தியா 7-வது இடத்துக்குச் சரிந்தது. இன்று தண்ணீர் தெளித்த நீலத் தரையில் பந்து கோடு போட்டதுபோல ஓடும். குறைந்த வேகத்தில் அழகாக ஆடுவதற்கு அங்கே இடமில்லை.

ஆஃப்சைடு: தியான் சந்த் ஆடிய காலத்தில் இந்த விதி உண்டு. கோல் பக்கத்தில் போய்க் காத்திருந்து பந்தை வாங்க முடியாது. 1990-களில்தான் ஹாக்கியிலிருந்து அது நீக்கப்பட்டது.

மாற்று வீரர்கள்: இன்று தலா 15 நிமிடத்தில் 4 கால் பகுதிகள். முன்கள வீரர் சில நிமிடங்கள் உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அன்று அந்த வசதி கிடையாது. இறங்கியவர் கடைசி வரை ஓட வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும்.

கோல் வரும் வழி: பாரிஸில் ஹர்மன்ப்ரீத் சிங் 10 கோல் அடித்தார், அந்தத் தொடரில் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. 7 பெனால்டி கார்னரில், 3 பெனால்டி ஸ்ட்ரோக்கில். அவர் ஆடும் இடமோ பின்களம். ஒரு டிஃபெண்டர் அணியின் முதன்மை கோல் வேட்டைக்காரராக இருப்பது இன்றைய ஹாக்கியில் சாதாரணம். டிராக் ஃபிளிக் என்ற ஒற்றைத் திறமைக்கே வருடக்கணக்கில் தனிப் பயிற்சி. தியான் சந்தோ சென்டர் ஃபார்வர்டு. ஓடும் ஆட்டத்தில், எதிரணியின் நடுவில் புகுந்து கோல் தேட வேண்டியவர்.

சரி, இருவரையும் எப்படி ஒப்பிடுவது? ஒரே பெயர் கொண்ட இரண்டு விளையாட்டுகளை இவர்கள் ஆடியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 102 கோலைக் காட்டி ஹர்மன்ப்ரீத்தைச் சின்னவராக்குவது நியாயமில்லை. 3 அணி ஒலிம்பிக்ஸைக் காட்டி தியான் சந்தைச் சின்னவராக்குவதும் நியாயமில்லை. ஒருவர் தன் காலத்து ஆட்டக்காரர்களிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றார் என்று வேண்டுமானால் அளக்கலாம். அந்த அளவுகோலில் தியான் சந்துக்குப் பக்கத்தில் வருபவர்கள் எந்த விளையாட்டிலும் ரொம்பக் குறைவு. பாரிஸ் காலிறுதியில் 10 பேரோடு ஆடிய அணியைத் தாங்கிப் பிடித்து, பெனால்டி ஷூட் அவுட் வரை கொண்டுபோய் ஜெயிக்கவைத்த கோல்கீப்பர் ஸ்ரீஜேஷையும், அந்த மாதிரி அவர் காலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மட்டையில் காந்தம், ஹிட்லர் கொடுத்த ஆஃபர்

இனி அந்தக் கதைகள். நெதர்லாந்தில் அவர் மட்டையை உடைத்து உள்ளே காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். வியன்னாவில் 4 கையும் 4 மட்டையுமாக அவருக்குச் சிலை வைத்தார்கள். பெர்லின் இறுதிப் போட்டி முடிந்ததும் ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருகிறேன் என்றார், இவர் மறுத்துவிட்டார்.

இவற்றுக்கு உறுதியான அந்தக் காலத்து ஆதாரம் எதையும் யாரும் காட்டியதில்லை. வியன்னாவில் தேடிப் போனவர்களுக்குச் சிலை கிடைக்கவில்லை. ஹிட்லர் விஷயத்தை அவர் சுயசரிதையிலேயே காணோம். அந்தச் சுயசரிதையின் பெயர் ‘கோல்’. 1952-ல் அதை வெளியிட்டது நம்ம சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ். மூவர்ணக் கொடிக்கு வணக்கம் வைத்தது, வழியனுப்ப 3 பேர் வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. ஹிட்லர் தன்னை அழைத்து அப்படிக் கேட்டிருந்தால் எந்த மனிதன் எழுதாமல் விடுவான்? அந்தப் புத்தகத்தில் தன்னை ஒரு சாதாரண மனிதன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டுதான் அவர் பேசவே தொடங்குகிறார்.

பொய்யாக இருந்தாலும் நல்ல கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றலாம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டையில் மந்திரம் என்று சொன்னதும் நிலா வெளிச்சத்தில் செய்த பயிற்சி மறைந்துபோகிறது. 1-4 தோல்விக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்த கேப்டன் மறைந்துபோகிறார். தனக்கு வாய்ப்பு இருக்கும்போதே நல்ல இடத்தில் நிற்கும் கூட்டாளிக்குப் பந்தைத் தள்ளிவிடும் ஆட்டக்காரர் என்று கூட ஆடியவர்கள் மெச்சிய குணமும் மறைந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. மந்திரவாதிக்குப் பசிக்காது, நோய் வராது, பென்ஷன் தேவைப்படாது. சாதாரண மனிதனுக்கு அதெல்லாம் தேவைப்படும்.

பொது வார்டில் கடைசி நாட்கள்

1947-48-ல் 42 வயதிலும் கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தில் அணியை வழிநடத்தினார். அதற்குப் பிறகு மெல்ல ஆட்டத்திலிருந்து விலகினார். 1956-ல் மேஜராக ராணுவத்திலிருந்து ஓய்வு. அதே வருடம் பத்ம பூஷண். சில காலம் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்சியாளர். பிறகு ஜான்சி வீடு.

1975 கோலாலம்பூர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 2-1 என்று இந்தியா வென்றது. வெற்றி கோலை அடித்தவர் அவர் மகன் அசோக் குமார். ஆண்கள் அணி இதுவரை வென்ற ஒரே ஹாக்கி உலகக் கோப்பை அதுதான். அப்பா அதைப் பார்த்துவிட்டார். ஆனால் அவருடைய கடைசி வருடங்களில் பணமும் இல்லை, நினைத்துப் பார்க்க ஆளும் இல்லை.

கல்லீரல் புற்றுநோய். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் சேர்த்தார்கள். 3 ஒலிம்பிக்ஸ் தங்கம் வென்றவர், தன் பெயரால் இந்தியாவை உலகுக்குத் தெரியவைத்தவர், 1979 டிசம்பர் 3 அன்று அங்கே இறந்தார். வயது 74. உடல் ஜான்சிக்குக் கொண்டுபோகப்பட்டது. அவர் ஆடிப் பழகிய ஊரில், ஜான்சி ஹீரோஸ் மைதானத்தில் எரியூட்டப்பட்டது. அடுத்த 8 மாதத்தில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா மாஸ்கோவில் தங்கம் வென்றது. நாம் கடைசியாக வாங்கிய ஒலிம்பிக்ஸ் ஹாக்கி தங்கம் அதுதான்.

இறந்த பிறகு எல்லாம் வந்தது. 2002-ல் டெல்லி தேசிய மைதானத்துக்கு அவர் பெயர். 2012 முதல் அவர் பிறந்தநாள் தேசிய விளையாட்டு தினம். 2021 ஆகஸ்ட் 5-ல் டோக்கியோவில் 41 வருடம் கழித்து ஹாக்கி பதக்கம் வந்தது. மறுநாளே கேல் ரத்னா விருதுக்கு மேஜர் தியான் சந்த் பெயர் வைக்கப்பட்டது. பாரத ரத்னா மட்டும் வரவில்லை. விளையாட்டு வீரர்களுக்கும் அதைத் தரலாம் என்று விதியை மாற்றிய பிறகு, அதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் சச்சின் டெண்டுல்கர்.

அப்போ இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது?

நிறைய மாறியிருக்கிறது. ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஹர்மன்ப்ரீத் 78 லட்சத்துக்குப் போனார். பதக்கம் வென்றவர்களுக்கு அரசுப் பரிசும் வேலையும் கிடைக்கின்றன. 2023-ல் சென்னை எழும்பூர் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டிக்குக் கூட்டம் நிரம்பியது. இதெல்லாம் நல்ல விஷயம். தியான் சந்துக்குக் கிடைக்காதது ஹர்மன்ப்ரீத்துக்குக் கிடைத்திருக்கிறது என்றால், ஒப்பீட்டில் இந்த ஒரு இடத்தில் இன்றைய காலம் ஜெயித்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ஏலத்தில் பெயர் வராத வீரர்கள்தான் அதிகம். 1980 வரை தங்கம் கொண்டுவந்த அணிகளில் ஆடி, இன்று ஏதோ ஒரு ஊரில் வயதாகி உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் காந்தக் கதையோ ஹிட்லர் கதையோ கிடையாது, அதனால் ரீல்ஸும் கிடையாது.

அடுத்த ஆகஸ்ட் 29-ல் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் மறுபடியும் வரும். யார் பெரியவர் என்ற சண்டையும் வரும். சண்டை போடுங்கள், அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். கூடவே உங்கள் ஊரில் பழைய ஹாக்கி வீரர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை விசாரியுங்கள். 1928-ல் பம்பாய் துறைமுகத்துக்கு 3 பேர் போனார்கள். நாலாவது ஆளாக இருக்க நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.